கீழ்மலையில் வள்ளி திருமணம்: பெண்கள் பக்கத்திலிருந்து சில பதில்கள்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வைகாசித் திருவிழாவின் இரண்டாம் ராத்திரி இங்கே ஸ்பெஷல் நாடகம். விவரம் தெரிந்த நாளிலிருந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். 11 வருஷமாக விழாக் கமிட்டியில் நாடகம் பேசி முடிக்கிற பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மேடையில் வரும் வள்ளியையும் சந்திரமதியையும் அல்லியையும் எங்கள் ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். இங்கே பிறந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் திருவிழாவுக்கு வரும்போது அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன?

ஒரே கம்பெனி வந்து போடுவது இல்லை. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ப்பது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரராக இருப்பார், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் மதுரை, கோமாளியாக வரும் பபூன் திண்டுக்கல். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கும். பபூன், டான்ஸ், அப்புறம் கதை. விடிய ஐந்தரைக்கு மங்களம்.

பாட்டுதான் எழுதிவைத்தது. பேச்சில் பெரும்பங்கு அன்றைக்கு மேடையில் பிறப்பது. சனத்தின் முகத்தைப் பார்த்து நீட்டுவார்கள், குறைப்பார்கள், புதுசாகச் சேர்ப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன பிடிக்கிறது என்பது இங்கே நாடகத்தையே மாற்றும். அதனால்தான் இந்தக் கேள்விகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

வேறு கதையே இல்லையா? ஏன் திரும்பத் திரும்ப வள்ளி திருமணம்?

இருக்கிறது. பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் எல்லாம் போட்டிருக்கிறோம். ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷம் வள்ளி இல்லாமல் போனால், மூன்றாம் வருஷம் திருவிழா வரி வசூலுக்குப் போகும்போதே வாசலில் வைத்துக் கேட்டுவிடுவார்கள்.

இது முருகன் மலை. தாண்டிக்குடியிலிருந்துதான் அவன் பழனிக்குத் தாண்டினான் என்பது இங்கத்து ஐதிகம். ஊர்ப்பெயருக்கே அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பழனியில் அவன் ஆண்டிக் கோலத்தில், பக்கத்தில் யாருமில்லாமல் நிற்கிறான். "அங்க ஆண்டியா நிக்கிறவருக்கு நம்ம ஊர்லயாச்சும் ஒரு கலியாணம் நடக்கட்டும்த்தா" என்பார் என் அப்பத்தா. வரிக்காசை முந்தானையில் முடிந்துவைத்துக் கொடுக்கும்போது சொல்வது.

இன்னொரு காரணம் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது. வள்ளி தினைப்புனம் காக்கிறவள். பரண்மேல் நின்று கவண் சுற்றி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறவள். எங்கள் பெண்களுக்கு அது தினப்படி வேலை. வாழைக்கும் பீன்ஸுக்கும் காட்டுமாடும் பன்றியும் வரும். பாச்சலூர்ப் பக்கம் யானையும் வரும். காவல் குடிசையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு முழித்திருந்து பழகியவர்கள்தான் சாக்கு விரித்துக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்திரீபார்ட் கவணைக் கையில் எடுக்கும் விதத்திலேயே தீர்ப்பு ஆகிவிடும். ஒரு வருஷம் வந்த பெண்ணுக்கு அருமையான சாரீரம். ஆனால் கவணைக் கைக்குட்டை மாதிரி ஆட்டினாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ காட்டுல ஒரு ராத்திரி தங்கியிருக்க மாட்டா" என்று பின்னாலிருந்து ஒரு மதினி சொன்னார். அதோடு சரி. விடியும்வரை அந்த வரிசையில் யாரும் அவளை வள்ளி என்று சொல்லவில்லை, "பாட்டுக்காரப் பொண்ணு" என்றுதான் சொன்னார்கள்.

ஆண்கள் பக்கம் விசில் பறக்கிறது. பெண்கள் பக்கம் சத்தமே காணோமே, அவர்களுக்குப் பிடிக்கவில்லையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பிடிக்காமல் மலைப்பனியில் விடியும்வரை யார் உட்காருவார்கள்?

ஆணுடைய ரசனைக்கு மேடையேற ஒரு வழி இருக்கிறது. அதற்கு அன்பளிப்பு என்று பெயர். நூறோ ஐந்நூறோ கொண்டுபோய்க் கொடுத்தால், இன்னார் மகன் இன்னார் வள்ளியின் பாட்டைப் பாராட்டி அளித்தது என்று பபூன் மைக்கில் சொல்வார். நாலு மலைக்குக் கேட்கும். பெண்கள் எழுந்துபோய்க் கொடுக்கிற வழக்கம் முன்பு இங்கே இருந்ததில்லை. கையில் காசும் இருந்ததில்லை. மைக்கில் வந்ததை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, வள்ளிக்கு ரசிகர்கள் என்றால் ஆண்கள்தான் என்று தோன்றும். நாடகத்தைப் பற்றி எழுத வருகிறவர்களும் மேடைக்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள்.

பெண்களின் ரசனையைக் கேட்க வேண்டுமானால் தை மாதம் காப்பிப்பழம் பறிக்கிற இடத்துக்கு வர வேண்டும். வைகாசியில் கேட்ட பேச்சு எட்டு மாதம் கழித்து அங்கே வரும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது இது. அந்த வருஷத்து வள்ளி, வேடனாக வந்த முருகனைப் பார்த்து, "காவக்காரிகிட்ட கணக்குக் கேக்கிறதுக்கு முன்னாடி காட்டைச் சுத்திப் பாரும்" என்று ஒரு வார்த்தை விட்டாள். அன்றைக்கு அவளாகச் சேர்த்தது. ஆண்கள் பக்கம் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தையில், எடை குறைவு என்று சொல்லி மேஸ்திரி கூலியைப் பிடிக்கப் பார்த்தபோது என் அம்மா அதே வார்த்தையை, அதே இழுப்போடு சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்கு எங்கிருந்து வந்த வார்த்தை என்று புரியவில்லை. கூலி முழுசாக வந்தது.

நாரதருக்கும் வள்ளிக்கும் மேடையில் நடக்கும் தர்க்கத்தில் யாரை ஆதரிக்கிறார்கள்?

நாரதர் பெரியவர், சாஸ்திரம் தெரிந்தவர், அவருக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. ஆனால் தர்க்கத்தை நீட்டிவைப்பது வள்ளியின் கையில் இருக்கிறது. கேள்விக்குக் கேள்வி கொடுத்துக்கொண்டே போகத் தெரிந்த ஸ்திரீபார்ட்டுக்குச் சன்மானம் அதிகம். அழகு அதற்கு அடுத்துதான். இதை நான் முன்பணம் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிழவன் வேஷம் போட்டு, யானையை விட்டுப் பயமுறுத்திக் கட்டிக்கொள்கிற கதையை இந்தக் காலத்துப் பெண்கள் எப்படி ஏற்கிறார்கள்?

எல்லாரும் ஏற்பதில்லை. இதில் எங்கள் ஊருக்குள்ளேயே பெரிய வழக்கு இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: முருகன் முதலில் வேடனாக வருகிறான், வள்ளி மறுக்கிறாள். ஆட்கள் வந்தால் வேங்கை மரமாகிவிடுகிறான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அதற்கும் அசையவில்லை என்றதும் அண்ணன் கணபதியை வேண்டுகிறான். யானை வருகிறது. பயந்த வள்ளி கிழவனை அணைத்துக்கொள்கிறாள். காப்பாற்றினால் கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள்.

என் அப்பத்தா வயதுக்காரர்கள் இந்த யானையை நம்புவதே இல்லை. "மலையில பொறந்த புள்ளைக்கு யானை வந்தா என்ன செய்யணும்னு தெரியாதா? காத்து பாத்து ஒதுங்கிப் போவா. கிழவனைப் போய்க் கட்டிப்பிடிப்பாளா? அவளுக்கு ஆள் யாருன்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. யானையை ஒரு சாக்கா வச்சுக்கிட்டா." இது எந்தப் பாட்டிலும் வசனத்திலும் இல்லை. கீழே உட்கார்ந்தவர்கள் தாங்களாகக் கட்டிக்கொண்ட வள்ளி. பயந்து ஒப்புக்கொண்ட வள்ளியை அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே தேர்ந்தெடுத்த வள்ளியை வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமும் அவளைத்தான் பார்த்துவந்திருக்கிறார்கள்.

செவிலியர் படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி சில வருஷம் முன்னால் என்னிடம் கேட்டாள்: "அக்கா, முடியாதுன்னு சொன்ன பிறகும் வேஷம் மாத்தி மாத்திப் பின்னாடி வர்றதை ஏன்க்கா கைதட்டிப் பாக்கிறோம்?" அவள் பஸ்ஸில் திண்டுக்கல் போய்வருகிறவள். எதை வைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்பத்தா சொன்ன பதிலைச் சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் வந்த ஸ்திரீபார்ட்டிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். ஒப்பனைக் கொட்டகையில் கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். விடியற்காலம் மூன்றரை மணி. யானை வந்தது, அணைத்துக்கொண்டார், வாக்கும் கொடுத்தார். யானை போனதும் கிழவனை விட்டு நாலடி தள்ளி நின்றார். ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். "யானையைக் கூப்பிட்டது நீர்தானே?" என்றார். ராஜபார்ட்டுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழக்கமான ஆள், சமாளித்து, "ஆம் வள்ளி, நான்தான்" என்றார். "என்னிடமே கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுந்தது. எங்கள் ஊரில் தாலி கட்டும்போதுதான் குலவை போடுவார்கள். அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் போட்டார்கள். அப்பத்தாவும் போட்டார், அந்தப் படிக்கிற பெண்ணும் போட்டாள். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அல்லி நாடகம் ஏன் இப்போது போடுவதில்லை?

கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அல்லி மதுரையை ஆண்டவள். ஆணை அண்டவிடாமல் அரசு நடத்தியவள். அர்ஜுனன் நேராக வந்து அவளை வெல்ல முடியாமல் தந்திரம் செய்துதான் மணக்கிறான். அல்லி அரசாணி மாலையைப் பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற காலம் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் அவள் என்னவாக ஆகிவிட்டாள் என்று பாருங்கள். ஒரு வீட்டில் பெண் சொல் எடுபட்டால் "அங்க அல்லி ராஜ்ஜியம்" என்கிறோம். "அல்லி தர்பார்" என்கிறோம். நாடகத்தில் அவளைக் கைதட்டி ரசித்தவர்கள், வெளியே வந்ததும் அவள் பெயரை ஏச்சாக வைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் ஒரு பாத்திரத்துக்குச் செய்யக்கூடிய அநியாயம் இதைவிட எனக்குத் தெரியாது.

பவளக்கொடியிலும் அல்லி வருவாள். அவள் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழுகிறான். பவளம் தேடிப் போன அர்ஜுனன் அங்கே பவளக்கொடியைப் பார்த்து மயங்கிவிடுகிறான். ஆண்களுக்குப் பவளக்கொடி பாட்டு. பெண்கள் காத்திருப்பது அல்லி வரும் கட்டத்துக்கு. "புள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் போன மனுசன்" என்று ஒருத்தர் தொடங்கினால் போதும், பத்து வீட்டுக் கதை வந்துவிடும்.

சந்திரமதிக்கு ஏன் அப்படி அழுகிறார்கள்? முடிவு தெரிந்த கதைதானே?

முடிவு தெரிந்ததால்தான் அழ முடிகிறது. பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். காவல் நிற்பவன் புருஷன் அரிச்சந்திரன் என்று அவளுக்குத் தெரியாது. கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற தாலி அவள் கழுத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிகிறது.

இங்கே பல வீடுகளில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் உண்டு. ராத்திரி நேரத்தில் பிரசவ வலி என்றாலோ பாம்புக்கடி என்றாலோ, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வத்தலக்குண்டு போய்ச் சேரவேண்டிய ஊர் இது. அவர்கள் தங்கள் பிள்ளைக்குச் சத்தம்போட்டு அழ அன்றைக்கு நேரம் இருந்திருக்காது. சந்திரமதியோடு சேர்ந்து அழுகிறார்கள். ஒப்பாரியில் அவள் நிறுத்தும் இடத்தில் கீழேயிருந்து ஒருத்தர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்ததை நான் கேட்டிருக்கிறேன். மேடையிலிருந்தவர் அதை வாங்கிப் பாடினார்.

மயான காண்டம் முடிந்தால் மறுநாள் ஊரே அமைதியாக இருக்கும். அதனால் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதைப் பேசுவதில்லை.

மூளி அலங்காரியாக நடித்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது நிஜமா?

நிஜம். நல்லதங்காளையும் அவள் ஏழு பிள்ளைகளையும் பட்டினி போட்டு விரட்டும் அண்ணி மூளி அலங்காரி. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டத்து அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. மூளி அலங்காரிக்கு யார் கட்டுவார்கள்? அவள் பெயர் ஏசுவதற்குத்தான்.

அந்த வேஷம் கட்டியவர் காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு ஆத்தா குடத்தை உள்ளே எடுத்துவைத்துவிட்டார். நடிகை என்னிடம் வந்து சொன்னபோது சந்தோஷமாகத்தான் சொன்னார், "வேலை நல்லாச் செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்றார். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆத்தாவே தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்தார். மன்னிப்பு எதுவும் சொல்லவில்லை. "உனக்கு எத்தனை புள்ள?" என்று கேட்டார். இரண்டு பேரும் வேன் கிளம்பும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரத்தையும் நடிகையின் சொந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்ப்பது இந்த மலையில் மட்டும்தானா?

தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளைப் பாருங்கள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் வள்ளியாக நின்ற மேடைக்கு ஊர் ஊராக ஜனம் திரண்டது. 1933ல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அதன்பின் வெள்ளைப் புடவை, ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற வைராக்கியம். 1935ல் திரைப்படத்தில் நந்தனாராக ஆண் வேடம் கட்டினார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். 1953ல் ஔவையாராக வந்தார். 1958ல் சட்டமேலவை உறுப்பினர் ஆனார். 1980 வரை வாழ்ந்தார். வள்ளியாக ரசித்த அதே ஜனம் அவரை ஔவையாகக் கும்பிட்டது.

அந்த மரியாதை உண்மையானது. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தும். 25 வயதில் அவர் வேறு மாதிரி ஒரு முடிவு எடுத்திருந்தால் இந்த ஜனம் அவரை அப்படியே ஏற்றிருக்குமா? நடிகைகளை ஏற்பாடு செய்கிறவள் என்ற முறையில், ஏற்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முன்பெல்லாம் ஆண்கள்தானே பெண் வேடம் கட்டினார்கள்?

பையன்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் அப்படி. அதே காலத்தில் முழுக்கப் பெண்களே நடித்த கம்பெனியும் இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் நடத்தியது, ஆண் வேடமும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகம் பார்க்க ரயிலே விட்டார்கள், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர்.

டான்ஸ் ஆடும் பெண்ணிடம் ஆண்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கமிட்டி ஏன் தட்டிக்கேட்பதில்லை?

இப்போது கேட்கிறோம். முன்பு கேட்காதது எங்கள் தப்பு.

பபூனோடு வரும் டான்ஸ் பாத்திரத்துக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. ரோட்டில் நடந்துபோகும் ஒரு பெண், அவ்வளவுதான். பெயர் இல்லாததாலேயே அவளிடம் எதுவும் பேசலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வள்ளி மேடைக்கு வரும்போது கையெடுத்துக் கும்பிடுகிற ஆள், இரண்டு மணி நேரம் முன்னால் இவளைப் பார்த்து வாயில் வராததைச் சொல்லியிருப்பான். நோட்டைக் குத்துகிறேன் என்று மேலே கை வைத்ததும் நடந்திருக்கிறது. அந்த ராத்திரி அந்தப் பெண் ஆட்டத்தை முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பனியில் உட்கார்ந்து அழுதாள். வயது 22. மறுவருஷம் கூட்டத்தில் நான் ஒரே ஒரு விதிக்காகச் சண்டை போட்டேன்: அன்பளிப்பை யாரும் கையில் கொடுக்கக்கூடாது, ஆர்மோனியப் பெட்டிமேல் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். "ரசிகனைத் தடுத்தா வரி குறையும்" என்றார்கள். குறையவில்லை. அந்தத் தட்டில் பெண்களும் பத்து, இருபது வைக்கத் தொடங்கினார்கள். இன்னார் மனைவி என்று சொல்லாமல் அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பபூனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் இப்போது அந்தப் பெயர்கள்தான்.

சினிமாப் பாட்டு வந்தபின் இதெல்லாம் மாறிவிட்டதா?

பெண்ணின் குரலும் முகமும் தனித்தனியாகப் பிரிந்தது. வள்ளி கதையிலும் அது நடந்தது. 1945ல் ஏ.வி.எம். எடுத்த ஸ்ரீவள்ளியில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. அவர் பாட்டுக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். இப்படி ஒருத்தியின் முகத்தையும் இன்னொருத்தியின் குரலையும் சேர்த்து ஒரே பெண்ணாக நேசிக்கப் பழகிவிட்டோம்.

எல்.ஆர். ஈஸ்வரியைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. படத்தில் கிளப்பில் ஆடுகிறவளுக்கும் அவர்தான் குரல், எங்கள் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் காலை ஐந்து மணிக்கும் அவர்தான். ஒரு பாத்திரத்தை முறைத்துப் பார்த்த பெண்கள், அதே குரல் அம்மனை அழைத்தால் அருள் வந்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. நல்லவள் கெட்டவள் என்று பிரித்துவைத்தது கதை எழுதியவர்கள்தான், குரலைக் கேட்டவர்கள் அந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றும்.

விடுதியில் படிக்கிற பெண்கள் வெளிநாட்டு இசை நாடகங்களைப் பார்க்கிறார்களே, அவர்களுக்கு வள்ளி பழசாகத் தெரியாதா?

என் அக்கா மகள் அப்படித்தான் நினைத்திருந்தாள். விக்கிட் என்ற நாடகத்தின் மேல் அவளுக்கு உயிர். 2003ல் நியூயார்க் பிராட்வேயில் தொடங்கியது, 2024ல் படமாகவும் வந்தது. பழைய கதையில் எல்லாரும் வெறுத்த சூனியக்காரி எப்படி அப்படி ஆனாள் என்று சொல்கிறது. அந்தச் சூனியக்காரி எல்ஃபபா பச்சை நிறத்தோடு பிறந்ததால் சொந்தத் தகப்பனே வெறுக்கிறான். கூடப் படிக்கிற கிளிண்டாவை எல்லாருக்கும் பிடிக்கும். இருவரும் தோழிகள் ஆகிறார்கள். கறுப்பு என்று பள்ளியில் கேலி வாங்கிய என் அக்கா மகளுக்கு எல்ஃபபா ஏன் பிடித்தது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அவள்தான் என்னிடம் கேட்டாள்: "சித்தி, மூளி அலங்காரிக்கு இப்படி ஒரு நாடகம் யாரும் எழுதலையா? ஏழு புள்ளையோட ஒரு குடும்பம் பஞ்ச காலத்துல வீட்டுக்கு வந்தா அந்தப் பானையில எவ்வளவு இருந்திருக்கும்?" அந்தக் கேள்வி எனக்கு அதுவரை வந்ததே இல்லை. மூளி அலங்காரி செய்தது சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சத்தைக் கொண்டுவந்தவனை விட்டுவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் நின்றவளை மட்டும் இத்தனை தலைமுறை ஏசியிருக்கிறோம்.

சிக்ஸ் என்று இன்னொன்று காட்டினாள். இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் பாப் பாடகிகளாக ஒரே மேடையில் வந்து, யார் அதிகம் துன்பப்பட்டது என்று போட்டி போட்டுப் பாடுகிறார்கள். 2017ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கியது. கைப்பேசியில் பாதி பார்த்ததும் என் அம்மா, "அர்ஜுனன் பொண்டாட்டி எல்லாரும் ஒரே மேடைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். அல்லி, பவளக்கொடி, சுபத்திரை, திரௌபதி என்று விரல் விட்டு எண்ணவும் செய்தார். அப்படி ஒரு நாடகத்தை எழுதச் சொல்லி அக்கா மகளை நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

வள்ளிக்குத் தாராளமாகக் கூட்டிவரலாம். மயான காண்டத்துக்கு வேண்டாம். சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்த சங்கரதாஸ் சுவாமிகளைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும், அதோடு அவர் நடிப்பதையே விட்டதாகவும் சொல்வார்கள். பபூன் பேச்சு முடியும்வரை, அதாவது பன்னிரண்டு மணிவரை, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடுவது நல்லது.

வந்தால் எங்கே உட்காருவது?

மேடைக்கு இடது பக்கம், கொடிக்கம்பத்துக்குப் பின்னால். அதுதான் பெண்கள் பக்கம். ஆண்கள் வந்தாலும் ஓரமாக உட்காரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சாக்கு ஒன்று, கம்பளி ஒன்று, குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் மேடை மங்கலாகத்தான் தெரியும், சத்தம் தெளிவாகக் கேட்கும். கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். பக்கத்திலிருப்பவர் ஏதாவது முணுமுணுத்தால் காது கொடுங்கள். விடிந்ததும் குளிக்கப் போகாமல் கொஞ்சம் நில்லுங்கள். சாக்கை உதறி மடிக்கும்போதுதான் அந்த வருஷத்து வள்ளி எப்படி என்று பேசத் தொடங்குவார்கள்.